விலங்கும் மாட்டவில்லை, நெல்லை கமிஷனரும் இல்லை

அண்ணாச்சி, மறைந்த முன்னாள் டி.ஜி.பி. வி.ஆர்.லட்சுமிநாராயணனை நினைத்துப் பதிவு போட்டது நல்ல விஷயம். ஆனால் "இந்திராவுக்கே கைவிலங்கு மாட்டிய நம்ம திருநெல்வேலி கமிஷனர்" என்ற வரி மூன்று இடத்தில் இடிக்கிறது.

விலங்கு மாட்டவே இல்லை. 1977 அக்டோபர் 3 அன்று டெல்லி வில்லிங்டன் கிரசண்ட் வீட்டுக்குப் போய் முன்னாள் பிரதமர் இந்திரா காந்தியைக் கைது செய்தவர் சி.பி.ஐ. எஸ்.பி. என்.கே.சிங். லட்சுமிநாராயணன் அப்போது இணை இயக்குநர். அந்த நடவடிக்கையில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விலங்கு பூட்டுங்கள் என்று அடம்பிடித்ததே இந்திரா அம்மையார்தான்! படம் பிடித்தால் யாருக்கு லாபம் என்று அவருக்குத் தெரியாதா? ஹரியானாவின் பட்கல் ஏரிப் பக்கம் அவரைக் கொண்டுபோகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருக்க, காரைவிட்டு இறங்கிச் சாலையோரச் சிறுபாலத்தில் உட்கார்ந்துகொண்டார். மறுநாளே மாஜிஸ்திரேட் விடுவித்துவிட்டார்.

அடுத்தது, லட்சுமிநாராயணன் 'நம்ம திருநெல்வேலி'யும் இல்லை; பூர்வீகம் பாலக்காட்டுப் பக்கம். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யரின் தம்பி. 1975 ஜூன் 24 அன்று இதே இந்திராவின் தேர்தல் வெற்றி செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிபந்தனையோடு தடையுத்தரவு கொடுத்தவர் அந்த அண்ணன். ஒரே வீட்டில் இப்படி ரெண்டு பேர்! இதைப் போய்ப் பதிவில் விட்டுவிட்டீர்களே.

அப்புறம் கமிஷனர் கதை. நம்ம ஊருக்கு மாநகரக் காவல் ஆணையரகம் வந்ததே 1997இல். லட்சுமிநாராயணன் ஓய்வுபெற்றது 1985இல். அந்தக் காலத்தில் ஜங்ஷனும் பாளையங்கோட்டையும் மாவட்ட எஸ்.பி. கையில்தான் இருந்தன. அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள், போட்டோ அப்படியே இருக்கட்டும்.