பலகையைக் கழற்றியவரும் சாலையை அடைத்தவரும் ஒரே மேயர்தான்

அமெரிக்காவில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனியே ஒதுக்கி வைத்த இனப்பிரிவினை உடைந்த கதை என்றால் மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ், அதிபர்கள் கென்னடி, ஜான்சன் என்று பேசுகிறோம். மேயர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. சட்டம் வாஷிங்டனில் எழுதப்பட்டது, சரி. ஆனால் எந்தக் குழாயில் யார் தண்ணீர் குடிப்பது, எந்தப் போலீஸ்காரர் யாரைக் கைது செய்வது, எந்தச் சாலை எங்கே நிற்பது என்பதையெல்லாம் அந்தந்த ஊர் நிர்வாகம்தான் முடிவு செய்தது.

1962 முதல் 1970 தொடக்கம் வரை, தென்மாநிலமான ஜார்ஜியாவின் தலைநகர் அட்லாண்டாவின் மேயராக இருந்தவர் ஐவன் ஆலன் ஜூனியர். அலுவலகச் சாமான்கள் விற்கும் பெரிய குடும்பத் தொழிலின் முதலாளி. 1950களில் ஆளுநர் பதவிக்கு ஆசைப்பட்டபோது இனப்பிரிவினையை ஆதரித்துப் பேசியவர். இப்படிப்பட்டவர் மேயரான முதல் நாளே, மாநகராட்சிக் கட்டடத்தில் இருந்த ‘வெள்ளையர்’, ‘கறுப்பர்’ பலகைகளைக் கழற்றச் சொன்னார். அட்லாண்டாவில் 1948 முதலே கறுப்பினப் போலீஸார் இருந்தார்கள், ஆனால் வெள்ளையரைக் கைது செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அந்தத் தடையையும் ஆலன் நீக்கினார்.

இதை அவருடைய நல்ல மனசின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. 1960 மார்ச் முதல் கறுப்பினக் கல்லூரி மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகங்களில் உட்கார்ந்து போராடினார்கள், சிறைக்குப் போனார்கள். ரிச்ஸ் என்ற பெரிய கடையில் நடந்த போராட்டத்தில் கிங்கும் கைதானார். வியாபாரம் படுத்தது. அப்போது வர்த்தக சபைத் தலைவராக இருந்த ஆலன் பேச்சுவார்த்தைக்கு வந்தது அதற்கு அப்புறம்தான். மேயர் தேர்தலில் பிரிவினைவாதி லெஸ்டர் மேடக்ஸை அவர் தோற்கடித்ததும் கறுப்பின மக்கள் திரண்டு போட்ட வாக்குகளால்.

அந்த வாக்குகளால் பதவிக்கு வந்தவர், அதே 1962 டிசம்பரில் செய்த காரியத்தைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை.

நகரின் தென்மேற்கில் பேய்ட்டன் ஃபாரஸ்ட் என்ற வெள்ளையர் குடியிருப்பில் கறுப்பின மருத்துவர் ஒருவர் வீடு வாங்கினார். அக்கம்பக்கத்தில் பீதி. ‘இன்னும் பத்து பேர் வருவார்கள், வீட்டு விலை விழும், இப்போதே விற்றுவிடுங்கள்’ என்று பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்கி, கறுப்பினக் குடும்பங்களுக்குக் கொள்ளை விலைக்கு விற்கும் தரகர்கள் அந்தக் காலத்தில் நிறைய. குடியிருப்பவர்கள் மேயரிடம் ஓடினார்கள். நகர மன்றம் ஒப்புதல் கொடுத்தது. கறுப்பினத்தவர் அந்தப் பக்கம் வீடு வாங்க வராதபடி, பேய்ட்டன் சாலையிலும் ஹார்லன் சாலையிலும் குறுக்கே தடுப்புகள் எழுந்தன. பெர்லின் சுவர் எழுந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத நேரம். பத்திரிகைகள் எந்தப் பெயர் வைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சின்னச் சறுக்கல் என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரிவினை அன்றாடம் இப்படித்தான் உயிரோடு இருந்தது. துவேஷமாக ஒரு வார்த்தைகூடப் பேசத் தேவையில்லை. போக்குவரத்து, மண்டலத் திட்டம், குடியிருப்பு அமைதி என்று ஒரு கோப்பு நகர்ந்தால் போதும். விரைவுச் சாலைகளுக்காகவும் ‘நகரச் சீரமைப்பு’க்காகவும் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளை இடித்துக்கொண்டிருந்த ஊரில், அவர்கள் வேறெங்கே போய் வீடு வாங்குவார்கள்?

1963 மார்ச் 1 அன்று அந்தத் தடுப்புகள் அரசமைப்புக்கு விரோதமானவை என்று நீதிமன்றம் சொன்னது. ஆலன் மேல்முறையீடு என்று இழுக்கவில்லை. உடனே ஆள் அனுப்பி அகற்றினார். தவறு செய்தேன் என்று பிற்பாடு எழுதவும் செய்தார்.

ஐந்து மாதம் கழித்து, ஜூலை 26 அன்று, கென்னடி கேட்டுக்கொண்டதால் செனட் குழு முன் போய் நின்றார். ஹோட்டல், உணவகம் போன்ற இடங்களில் பிரிவினையைத் தடைசெய்யும் மசோதாவுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். தென்மாநிலப் பெரிய நகர மேயர்களில் அதைச் செய்தவர் அவர் ஒருவர்தான். வியாபாரிகள் தாங்களாக மனம் மாறுவது ஓரளவோடு நின்றுவிடும், நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போடாவிட்டால் திறந்த கதவுகளும் மறுபடி மூடிக்கொள்ளும் என்பது அவர் வாதம். மேயராக இருந்து பார்த்தவருக்குத்தான் இது இவ்வளவு தெளிவாகத் தெரியும். ஊரில் அவருக்கு வசவும் மிரட்டலும் வந்தன. ஆனாலும் 1965 தேர்தலில் ஜெயித்தார்.

அந்தச் சாட்சியத்தை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அதை மட்டும் சொல்லி அவருக்கு மாலை போடுபவர்கள், பேய்ட்டன் ஃபாரஸ்டில் அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். தடுப்பு போன சில மாதங்களில் வெள்ளைக் குடும்பங்கள் அநேகமாக எல்லாம் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டன. 1960இல் நகர மக்களில் 38 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர் 1970இல் பாதிக்கு மேல். 1966 செப்டம்பரில் சம்மர்ஹில் பகுதியில் போலீஸ் ஒரு கறுப்பின இளைஞரைச் சுட, கலவரம் வெடித்தது. ஆலன் நேரே போய்ப் போலீஸ் காரின் மேல் ஏறி நின்று பேசினார்; கூட்டம் காரை ஆட்டி அவரைக் கீழே இறக்கியது. போகாமல் இருந்திருக்கலாம், போனார். அது துணிச்சல்தான். ஆனால் அந்தப் பகுதியை ஒட்டி, ஏழைகளின் வீடுகளை இடித்துக் காலியாக்கிய நிலத்தில் அவர் காலத்தில்தான் ஸ்டேடியம் எழும்பியது. அந்தக் கூட்டத்தின் கோபத்தில் நியாயம் இருந்தது.