குழுவில் வந்த அந்த 4 பக்கங்கள்

நேற்று ராத்திரி நம்ம பெங்களூர்த் தமிழ் வாட்ஸாப் குழுவில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். தன் விவாகரத்து மனுவில் 4 பக்கத்தைப் படமெடுத்துப் போட்டார் ஒருவர். கூடவே மனைவி அழுது கத்துகிற ஆடியோ, 11 நிமிடம். அதற்குச் சிரிக்கிற பொம்மை போட்டவர்கள் 9 பேர். எண்ணினேன்.

நான் சொல்வது ஒன்றுதான். புகார் இருந்தால் கோர்ட்டில் சொல்லுங்கள். பனஸ்வாடியில் வீடு காலியா, நல்ல இட்லி மாவு எங்கே கிடைக்கும் என்று கேட்கிற இடம் அது. அங்கே யாரும் ஜட்ஜ் இல்லை.

'உண்மையைத்தானே போட்டார்' என்கிறார் ஒரு அண்ணன். உண்மையாகவே இருக்கட்டும், அதைக் கோர்ட்டில் சொல்லட்டும் அண்ணா. 1955 இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். விசாரணையே மூடிய அறையில்தான் நடக்க வேண்டும். வழக்கு விவரத்தை அச்சிடவோ வெளியிடவோ கூடாது. மீறினால் அபராதம் 1000 ரூபாய் வரை. அன்றைக்கு அது பெரிய தொகை, இன்றைக்கு இந்திரா நகரில் நாலு பேர் டிபன் சாப்பிட்டால் போச்சு. வாட்ஸாப் குழு என்ன அச்சகமா என்று வாதாடவும் ஒரு வக்கீல் கிடைக்காமலா போவார்?

'கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்தாலும் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே' என்று இன்னொருவர். 2025 ஜூலையில் சொன்னார்கள், சாட்சியமாகக் கொடுக்கலாம் என்று. ஜட்ஜிடம். நம்ம 340 பேரிடம் இல்லை.

'பொம்பளைங்க பொய் வழக்கு போடலாமா?' போடக் கூடாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், அரைகுறையாகத்தான். என் விவாகரத்து மனுவில் 'எதிர்மனுதாரர் குடும்பச் செலவுக்கு ஒரு பைசாவும் தந்ததில்லை' என்று வக்கீல் ஒரு வரி சேர்த்திருந்தார். எல்லா மனுவிலும் வருவதுதான், இருக்கட்டும் மேடம் என்றார். கையெழுத்துப் போட்டேன். சித்தையா ரோடு குடும்ப நீதிமன்ற வராந்தாவில் அதைப் படித்துவிட்டு என் கணவர் நேரே வந்தார். "பால் பாக்கெட் நான்தானே தினமும் வாங்கினேன்?" அவ்வளவுதான் கேட்டார். கோபம்கூட இல்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரி. காலை ஐந்தரைக்கு நந்தினி பால் பூத்தில் நின்றது அவர்தான். என் மற்ற புகாரெல்லாம் நிஜம். அவர் அம்மாவின் வாய், மாதக்கணக்கில் அவர் பேசாமல் இருந்தது, எல்லாமே. ஆனால் அந்த ஒரு வரிக்கு அப்புறம் எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மீடியேஷனில், அதாவது சமரசப் பேச்சில், 3 தடவை உட்கார்ந்து, புகார்களை விலக்கிக்கொண்டு, பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தோம். அந்தப் பொய் கோர்ட் கட்டோடு போயிற்று. குழுவில் போட்டிருந்தால் போயிருக்குமா?

போகாது. என் சொந்த மாமா பையன், 'அவளுக்கு ஆபீஸில் யாரோ' என்று திருச்சி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தான். அடுத்த கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்து இலை காலி. பரிமாற வந்தவர் அந்த இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். நான் ரசத்துக்குக் காத்திருந்தேன்.

'அப்போ அடி வாங்கினாலும் வாயை மூடணுமா?' என்று ஆரம்பிக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181-க்குச் சொல்லுங்கள், போலீஸுக்குச் சொல்லுங்கள், நடுராத்திரியில் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அது வேறு.

அட்மின் எழுதியிருக்கிறார், 'நடுநிலையோடு இரண்டு தரப்பையும் கேட்போம்' என்று. நீங்கள் யாருங்க கேட்பதற்கு? அந்தப் பெண் அதே குழுவில்தான் இருந்தாள். காலையில் 'வெளியேறினார்' என்று வந்ததே, பார்த்தீர்களா?

ஆமாம், ஆடியோவை நானும் கேட்டேன். முழுசாகக் கேட்டேன். எட்டாவது நிமிடத்தில் ஒரு குழந்தை, "அம்மா, தண்ணி குடிம்மா" என்கிறது.

இப்போது மணி 7. அந்த ஆடியோ இன்னும் குழுவிலேயேதான் இருக்கிறது, அட்மின்.