ஒலியும் ஒளியும் நான் பார்த்ததே இல்லை

போன வாரம் ஒரு படத்தைப் பகிர்ந்தேன். என் பக்கத்தில் இதுவரை எதற்கும் விழாத அளவு லைக் விழுந்தது. ‘90ஸ் கிட்ஸ் மட்டும்’ என்று மேலே போட்டு, கீழே கட்டம் கட்டமாகத் தேன் மிட்டாய், கமர்கட், கோலி சோடா, மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்புகிற அப்பா, தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’. நானும் சும்மா இருக்காமல் ‘அதெல்லாம் ஒரு காலம்’ என்று எழுதி வைத்தேன். ராத்திரி சாப்பிடும்போது மகள் கேட்டாள்:

“அப்பா, நீங்க சின்ன வயசுல இந்தியாவுலயா இருந்தீங்க?”

“இல்லம்மா. பாகான் டாலாம்.”

“அப்பறம் எப்படி இந்த டிவியெல்லாம் பார்த்தீங்க?”

ரசத்தை ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டேன்.

மலேசியாவில், பட்டர்வொர்த்தின் பாகான் டாலாமில் பிறந்து, பக்கத்து ஊரான பிறையில் வேலைக்குப் போய், அங்கேயே தலை நரைத்தவன் நான். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே நாற்பது வயதுக்கு மேல், பழனிக்கு ஒரு வேண்டுதலை நிறைவேற்றப் போனபோதுதான். கமர்கட்டும் அங்கேதான் முதன்முதலாகக் கடித்தேன். கடைவாய்ப் பல் ஒன்று ஆடிவிட்டது. தூர்தர்ஷன் அலை வங்கக் கடலைத் தாண்டி எங்கள் வீட்டு ஆன்டெனாவில் வந்து உட்கார வழியே இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது அந்த ஏக்கம்? யோசித்துப் பார்த்தால் இங்கிருந்துதான், இந்த முகநூலிலிருந்து. பத்து வருடமாக அடுத்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி, பந்தியில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பையன் நான்தான் என்று நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

நான் மட்டும் இல்லை. அந்தப் படத்துக்கு இதயம் போட்டவர்களில் சுங்கை பட்டாணிக்காரர் இருக்கிறார், கிள்ளான்காரர் இருக்கிறார், கேமரன் மலையில் தோட்டத்தில் வளர்ந்த ஒரு அக்கா இருக்கிறார். இவர்கள் யாரும் கோலி சோடாவின் குண்டைத் தட்டி உள்ளே தள்ளிக் குடித்தவர்கள் இல்லை. நாம் குடித்தது மைலோ என்கிற சாக்லேட் பானம். பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பச்சை லாரி வரும், சின்னக் காகிதக் கோப்பையில் ஜில்லென்று கொடுப்பான், மூன்றாவது தடவையும் வரிசையில் நின்றால் ஆசிரியர் காதைத் திருகுவார். வீட்டில் அம்மா அதே மைலோவைக் கலக்கினால் அந்த ருசி வராது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே சீனர் கடையில் டிக்கம்-டிக்கம் அட்டை தொங்கும். பத்துக் காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. மிச்சக் காசுக்கு வட்ட வட்டமாய்ச் சிவப்பாய் ஒரு சீன மிட்டாய் வாங்கி, நாக்கில் ஒட்டிக்கொண்டு சாமியாராட்டம் கண்ணை மூடுவோம். இதையெல்லாம் கட்டம் கட்டி ஒரு படமாகப் போட நம்மில் எவனுக்கும் தோன்றவில்லை பாருங்கள். எனக்கும்தான்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் வாதத்தை அங்கேதான் நீங்கள் மடக்குவீர்கள். ‘இளையராஜா எங்கிருந்து வந்தார்? ரகுமான் உன் பாகான் டாலாமிலா பிறந்தார்? பாட்டு அங்கிருந்து வரலாம், ஏக்கம் வரக்கூடாதா?’ நியாயமான கேள்வி. பாட்டு அங்கேயிருந்துதான் வந்தது. ஆனால் அது எனக்கு வந்து சேர்ந்த வழி வேறு.

ஞாயிற்றுக்கிழமை பினாங்குத் தீவுக்கு ஃபெரி ஏறுவேன். பட்டர்வொர்த்தில்தான் காசு வாங்குவார்கள், தீவிலிருந்து திரும்பி வரச் சும்மா. அதனால் போகும்போது மட்டும் காசை எண்ணுவோம், வரும்போது பையைத் தடவிப் பார்க்கவும் தேவையில்லை. மேல்தட்டில் நின்றால் கொம்தார் கட்டடம் 65 மாடியோடு கண்முன்னே வளர்ந்துகொண்டே வரும். இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் லெபோ பாசார். நாங்கள் கடைத்தெரு என்போம். மல்லிகைப்பூவும் மசாலாவும் மணக்கும். கேசட் கடைகள் ஒன்றின் பாட்டு மற்றதில் கேட்கக்கூடாது என்று போட்டி போட்டு அலற வைத்திருக்கும். ஒரே பாட்டின் பல்லவி இந்தக் கடையிலும் சரணம் அந்தக் கடையிலுமாகக் கேட்டுக்கொண்டு நடக்கலாம். காசு இருந்தால் புதுக் கேசட். பெரும்பாலும் இருக்காது. அதனால் பள்ளி நோட்டுப் புத்தகத்தில் பதினெட்டு இருபது பாட்டு எழுதிக்கொண்டு போய், தொண்ணூறு நிமிஷக் காலிக் கேசட்டோடு கடைக்கார அண்ணனிடம் கொடுத்துவிட்டு வருவேன். அடுத்த வாரம் கிடைக்கும். அவருக்குப் பிடிக்காத பாட்டு இருந்தால் கேட்காமலே எடுத்துவிட்டு, தனக்குப் பிடித்ததைப் போட்டுக் கொடுத்துவிடுவார். “தம்பி, இத கேளு, அதவிட நல்லா இருக்கும் லா” என்பார். வாயைத் திறக்க முடியாது. எனக்கு இருக்கிற பழைய பாட்டு ரசனையில் பாதி அவருடையது. ‘ஏ’ பக்கத்தின் கடைசிப் பாட்டு எப்போதும் பாதியில் அறுந்துவிடும். இன்றைக்கும் சில பாட்டுகளை முழுதாகக் கேட்டால், இரண்டாவது சரணம் எனக்கு அன்னியமாக இருக்கிறது.

பினாங்கு ரோடு ஓடியன் தியேட்டர் வாசலில் கச்சாங் பூத்தே, அதாவது கடலை வண்டி. பெயர் மலாய், விற்கிறவர் நம்மவர், உருட்டிக் கொடுக்கிற கூம்பு யாரோ கிழித்துப் போட்ட காகிதம். ஒரு தடவை என் கூம்பைப் பிரித்தால் ஏதோ ஒரு பிள்ளையின் கணக்குத் தாள், பன்னிரண்டு மார்க். படம் முடிகிற வரை எனக்கு அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கவலை. படத்தை வீட்டில் பார்ப்பதென்றால் வீடியோ கடையில் வாடகைக்கு எடுக்க வேண்டும். கதாநாயகன் தாய் மடியில் தலை வைத்து அழும்போது அவன் மார்பின் குறுக்கே நகைக்கடை விளம்பரம் ஓடும். டிவியில் போட்டால் கீழே மலாயில் எழுத்து வரும். வசனத்தைக் காதால் தமிழிலும் கண்ணால் மலாயிலும் வாங்கிய பிள்ளைகள் நாம். பக்கத்து வீட்டு மலாய் அம்மா, எங்கள் மக்சிக், நம்மோடு உட்கார்ந்து அழுததும் அந்த எழுத்தால்தான். இதை எந்தச் சென்னைக்காரன் தன் படத்தில் போடுவான்? போடவில்லை என்று அவனைக் குறை சொல்லவும் முடியாது.

எங்கள் வட்டாரத்தில் இன்னொன்றும் உண்டு. அலிகேட்ஸ் என்ற இசைக்குழு. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் என்று பினாங்குத் தமிழ் அண்ணன் தம்பி, தலையில் கூடை கவிழ்த்த மாதிரி முடி, பாடுவது மலாய்ப் பாட்டு. நாடே கேட்டது. டிவியில் அவர்கள் வந்தால் எங்கள் அம்மா அடுப்பை விட்டு எழுந்து வருவார். ஒரு வரி பாடத் தெரியாது, “நம்ம பிள்ளைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார். 2007-இல் லோகா இறந்தபோது என் மலாய் நண்பன் எனக்குப் போன் போட்டு வருத்தம் சொன்னான், ஏதோ என் சொந்தக்காரர் போன மாதிரி. நமது தமிழ்க் குழுக்கள் எதிலும் அவர்களை வைத்து ஒரு ‘அது ஒரு காலம்’ பதிவை நான் பார்த்ததில்லை. மலாயில் பாடினால் தமிழ் நினைவில் இடம் கிடையாதோ என்னவோ. அதே மாதிரிதான் டார்க்கி நாகராஜாவின் தி கீஸ் போன்ற உள்ளூர்க் குழுக்கள். நம் பேச்சிலேயே பாடினார்கள், கல்யாண மண்டபங்களில் ஆடாத கால் இல்லை. பெரியவர்கள் ‘இதெல்லாம் ஒரு பாட்டா’ என்றார்கள். நானும் பெரிய ரசிகனாட்டம் அதை ஒப்பித்தேன். 2006-இல் யோகி பி அண்ட் நட்சத்திரா என்ற நம் ராப் குழு வந்து, சென்னைப் பையன்களே நம் ஆட்களின் பாட்டைப் போட்டுக் கேட்ட பிறகுதான் நமக்கெல்லாம் காது திறந்தது. அங்கே பாஸ் ஆனால்தான் இங்கே மார்க்.

இப்போது ரேடியோ. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

இன்றைக்கு மின்னல் எஃப்எம் என்கிறோம். 2005-க்கு முன்னால் அது ரேடியோ 6. எங்கள் வீட்டில் வெறும் ‘தமிழ் ரேடியோ’. அந்த ரேடியோ செட்டை வாங்கியது எங்கள் பெரியக்கா. ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றது. 1972-இல் தீவில், பாயான் லெப்பாஸில் ஆரம்பித்த தொழிற்சாலை அலை எங்கள் கரைக்கும் வந்திருந்தது. பிறையில் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து முடியைவிட மெல்லிய கம்பியைப் பார்க்க வேண்டும். முதல் போனஸில் ரெண்டு கேசட் போடுகிற செட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் ஃபெரிக் காசு, காலிக் கேசட், கச்சாங் பூத்தே எல்லாம் அக்கா சம்பளம். தீவுக்குப் போய்ப் படம் பார்க்க அக்காவுக்கு அனுமதி இல்லை. எனக்கு உண்டு. இது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. என்னுடைய பொற்காலம் என்று நான் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு திரிவது, நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தியின் செலவில் நடந்தது.

அக்காவுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு ரேடியோவுக்குக் கடிதம் போடுவது. வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் அஞ்சலட்டை போகும். அறிவிப்பாளர் மூச்சு விடாமல் படிப்பார்: வாழ்த்துவோர் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மாமா, மாமி, சித்தப்பா, சின்னம்மா, அக்கா, தம்பி மற்றும் உற்றார் உறவினர். பாட்டைவிடப் பட்டியல் நீளம். சிரிப்போம். ஆனால் நடுவில் ஒரு இடத்தில் ‘பட்டர்வொர்த், பாகான் டாலாம்’ என்று அந்தக் குரல் சொல்லும்போது வீடே அசையாமல் நிற்கும். கோலாலம்பூரில், அங்காசாபுரி ஒலிபரப்பு நிலையத்தில் இருக்கிற ஒருவர் நல்ல தமிழில் நம் கம்பத்தின், நம் ஊரின் பெயரைச் சொல்கிறார்! எத்தனை படம் பார்த்தோம், எத்தனை நாயகர்கள் வந்தார்கள். மதுரை வந்தது, கோயம்புத்தூர் வந்தது. நிபோங் தெபாலும் கூலிமும் பாகான் டாலாமும் தமிழில் ஒலித்தது அந்தப் பெட்டியில்தான். நமக்கு அது போதவில்லையா, எதற்கு வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனைக் கடன் வாங்கினோம் என்றுதான் கேட்கிறேன்.

எப்போது மாறியது என்றும் ஓரளவு தெரியும். 1996-இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி வந்தது, அதில் வானவில் என்ற தமிழ்ச் சேனல் வந்தது. பிறகு சன் டிவியும் கூரைத் தட்டுக்குள் இறங்கியது. அதோடு நம் வரவேற்பறைக் கடிகாரம் சென்னை நேரத்துக்குப் போய்விட்டது. நானும்தான் சந்தா கட்டினேன், முணுமுணுக்காமல் கட்டினேன், படம் துல்லியமாக இருந்தது. பழைய காலம் எல்லாம் தேன் என்று சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்து ஒரு தியேட்டரில் இடைவேளைக்கு முன்பே எலி காலில் ஏறும். ஆனால் அது எங்கள் எலி. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் பத்திரிகை 2019 தொடக்கத்தில் நின்றபோது என் வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை. அக்கா வெட்டி ஒட்டிய கோலப் பக்கம் மட்டும் ஒரு நோட்டில் கிடந்தது.

மகள் கேட்டதற்கு மறுநாள் பரண் மேல் ஏறினேன். ஒரு பிஸ்கட் டின் நிறையக் கேசட். 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை, பட்டர்வொர்த் ஃபெரி முனையம் இடிந்து 32 பேர் இறந்தார்கள். அதன்பிறகு பல மாதம் அம்மா என்னை அந்தப் பக்கமே விடவில்லை. கடைத்தெரு போக முடியாததால் ரேடியோவிலிருந்தே பதிவு செய்வேன், வருகிற பாட்டு எதுவானாலும். அப்படிப் பிடித்த கேசட் ஒன்றின் அட்டையில் என் கோணல் எழுத்தில் ‘பெரியக்கா பிறந்தநாள்’ என்று இருக்கிறது. அந்த ஒரு வருஷம்தான் அக்காவுக்காக நான் அஞ்சலட்டை போட்டது. என்ன பாட்டு கேட்டேன் என்று நினைவில்லை. அக்கா பெயரைச் சரியாகச் சொன்னார்களா என்றும் நினைவில்லை. அக்காவிடம் போனில் சொன்னேன். “நான் அன்னிக்கு ஷிஃப்டுல இருந்தேன்டா, கேக்கவே இல்ல” என்றார்.

தீபாவளிக்கு ஈப்போவிலிருந்து வருகிறார். எங்கள் செட் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. பட்டர்வொர்த், பிறை, தீவு, எந்தப் பக்கமானாலும் சரி, ஓடுகிற கேசட் பிளேயர் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஒரு நாள் இரவலாகப் போதும். நாடாவைச் சுற்றிக் கடிக்காத செட்டாக இருக்கட்டும், இந்தக் கேசட்டுக்கு வேறு பிரதி இல்லை.