மொராந்தியின் பாட்டில்களை அமைதி என்று சொல்லாதீர்கள்

இத்தாலிய ஓவியர் ஜோர்ஜோ மொராந்தியின் ஓவியத்தை யாராவது பகிர்ந்தால் கீழே ஒரே வார்த்தைதான் வந்து விழுகிறது: அமைதி. தியானம் மாதிரி இருக்கிறது, மனசு லேசாகிறது என்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தாலியில் பொலோன்யா நகரத்து மொராந்தி அருங்காட்சியகத்தில் ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டு வந்த பிறகு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

அவர் கதையை எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள். 1890இல் பொலோன்யாவில் பிறந்தார், 1964இல் அங்கேயே இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஃபொந்தாத்ஸா தெரு வீட்டில் ஒரு சின்ன அறை, அதிலேயே கட்டில், அதிலேயே ஓவியம் வரையும் தாங்கி. கோடைக்கு மட்டும் கிரித்ஸானா என்ற மலையூர். பாட்டில், குடுவை, டப்பா, கிண்ணம் என்று திரும்பத் திரும்ப வரைந்து ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட எண்ணெய் ஓவியங்கள். சரி, உண்மைதான். ஆனால் இந்தக் கதையில் 1918, 1919 என்ற இரண்டு வருடங்கள் ஓரமாக ஒதுங்கிவிடுகின்றன. எனக்கு அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது.

1915இல் பட்டாளத்துக்கு இழுக்கப்பட்டு, நோயில் விழுந்து, சில வாரங்களிலேயே திரும்பி வந்தவர் அவர். முதல் உலகப் போர் முடியும் சமயத்தில், தே கிரிகோ, கார்லோ காரா என்ற இத்தாலிய ஓவியர்கள் முன்வைத்த 'மெட்டாஃபிசிக்கல்' ஓவியத்தின் பக்கம் போகிறார், அதாவது சாதாரணப் பொருளைக் கனவில் வருவது போல விசித்திரமாகக் காட்டும் ஓவியம். தையல்காரர் வைத்திருக்கும் துணிபொம்மையின் தலை, ஒரு பந்து, ஒரு மரக்குச்சி. எல்லாம் ஒரு பெட்டிக்குள். கத்தியால் வெட்டினது போல நிழல். அந்தத் தலைக்குக் கண் இல்லை, ஆனாலும் ஏதோ ஒன்று நம்மைப் பார்க்கிறது. இந்த வகையில் அவர் வரைந்தது ஏறத்தாழப் பத்துப் படம்தான். கனவையும் ஆழ்மனத்தையும் கலைக்குள் கொண்டுவந்த சர்ரியலிசம் என்ற இயக்கம் கிளம்பியதும் இதே ஊற்றிலிருந்துதான். பின்னாளில் சர்ரியலிச ஓவியரான மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1919இல் மியூனிக்கில் 'வலோரி பிளாஸ்டிச்சி' என்ற இத்தாலிய இதழில் தே கிரிகோவைக் கண்டுகொண்டார். இன்னொரு சர்ரியலிச ஓவியரான மக்ரித்தைப் புரட்டிப் போட்டதும் தே கிரிகோவின் ஓர் ஓவியத்தின் நகல். கவிஞர் பிரெத்தோன் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்ட 1924ஆம் வருடத்துக்கு முன்பே மொராந்தி அந்த ஊற்றில் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

போய்விட்டாரா? புத்தகங்கள் அப்படித்தான் எழுதுகின்றன. 1920இல் பொம்மைத்தலை மறைந்தது, இளமையின் சோதனை முடிந்தது, அவர் தன் வழியைக் கண்டார் என்று. என்னால் இதை ஏற்க முடியவில்லை. தலைதான் போனது, அது பார்த்த பார்வை போகவில்லை.

அவர் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிடுவார். கண்ணாடி பளபளக்காமல் இருக்க உள்ளே வண்ணத்தை ஊற்றுவார், சிலவற்றுக்கு வெளியிலும் பூசுவார். தூசி படிந்தால் படியட்டும் என்று விடுவார். அடியில் விரித்த காகிதத்தில் ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்வார். எண்ணெய் பாட்டில் இப்போது எண்ணெய் பாட்டில் இல்லை, டப்பாவில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பயனை உரித்தெடுத்த பிறகு அந்தப் பொருளிடம் மிச்சம் இருப்பது என்னவோ, அதைத்தான் வரைந்தார். தே கிரிகோ 1922இலேயே இதைப் பிடித்துவிட்டார். மிகச் சாதாரணப் பொருள்களின் மெட்டாஃபிசிக்ஸ் என்று மொராந்தியைப் பற்றி எழுதினார். கண் முன்னே இருக்கும் நிஜத்தைவிட சர்ரியலானது எதுவும் இல்லை என்று மொராந்தியே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஐம்பதுகளின் படங்களைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பாட்டிலின் விளிம்பும் பின்னால் இருக்கும் பெட்டியின் விளிம்பும் ஒரே கோட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். எது முன்னால், எது பின்னால் என்று தெரியாது. நிழல் பொருளைவிடக் கெட்டியாக இருக்கும். நான்கைந்து குடுவைகள் மேசை நடுவில் நெருக்கியடித்து நிற்கும், சுற்றிலும் அவ்வளவு இடம் காலியாகக் கிடந்தும். இதில் அமைதி எங்கே இருக்கிறது? எனக்கு மூச்சு முட்டியது. போனில் பார்க்கும்போது இது எதுவும் தெரிவதில்லை, வெளிர் நிறம் மட்டும்தான் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவரைத் துறவி என்று சொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. 1928இல் பாசிசத்தின் மீது தனக்கிருந்த நம்பிக்கையை அச்சிலேயே எழுதியவர் அவர். 1930 முதல் 1956 வரை பொலோன்யா கலைக்கழகத்தில் எச்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்துப் படம் அச்சிடும் கலை) கற்பித்தார். 1943இல் பாசிச எதிர்ப்பு நண்பர்களோடு இருந்த பழக்கத்துக்காகச் சில நாள் சிறையில் கிடந்தார். உலகத்தை விட்டு ஒதுங்கினவரின் வாழ்க்கையா இது? அப்புறம், அந்த வீட்டில் அவர் தனியாகவும் இல்லை. அம்மா இருந்தார், அன்னா, தீனா, மரியா தெரேசா என்று மூன்று சகோதரிகள் இருந்தார்கள். அவர்களும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் தன் அறைக்குப் போக அவர்கள் அறை வழியாகத்தான் போக வேண்டும். அவர்கள் நடத்திய குடித்தனத்துக்குள் நின்றுதான் அவர் இவ்வளவையும் வரைந்தார். இன்று அந்த அருங்காட்சியகம் இருப்பதற்கே மரியா தெரேசா கொடுத்த கொடைதான் காரணம். மொராந்தியைப் பற்றி எழுதும் யாரும் அந்தப் பெண்களை ஒரு வரியில் தாண்டிப் போகக் கூடாது.

கடைசி வருடங்களில் வரைந்த நீர்வண்ண ஓவியங்கள் முன்னால்தான் அன்றைக்கு அதிக நேரம் நின்றேன். பாட்டிலைச் சுற்றிய இடத்துக்கு மட்டும் சாம்பல் நிறம் கொடுத்திருக்கிறார். பாட்டில் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காகிதம். கிட்டே போனால் வெள்ளைத் துவாரம், இரண்டடி தள்ளி வந்தால் பாட்டில் நிற்கிறது. முன்னும் பின்னுமாக நான் நடப்பதைக் அங்கே காவலுக்கு இருந்த பெண்மணி பார்த்துக்கொண்டே இருந்தார்.