தனியாக நடிப்பவருக்கு எதிரே யார்?

மேடையில் ஒருவரே நின்று நடிக்கும் நாடகத்தைத் தொலைக்காட்சிக்காகப் படமாக்கும்போது, அரங்கின் கடைசி வரிசையில் கேமராவை நிறுத்திவிட்டுப் பதிவு செய்வது நாடகத்துக்கும் நியாயமாகாது, திரைக்கும் நியாயமாகாது. எதிரே பேச்சுக்கு ஆளில்லாத அந்த நடிகருக்குப் பார்வையாளர்களே இன்னொரு பாத்திரம். வீட்டில் இருந்து பார்ப்பவரை அந்த இடத்தில் எப்படி உட்கார வைப்பது என்பதைத்தான் படமாக்குபவர் முதலில் யோசிக்க வேண்டும்.

அயர்லாந்து நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் ‘நாட் ஐ’ (‘நான் அல்ல’) நாடகத்தின் தொலைக்காட்சி வடிவம் இதை எனக்குத் தெளிவாக உணர்த்தியது. 1972இல் நியூயார்க்கில் முதலில் அரங்கேறிய அந்நாடகத்தில், இருண்ட மேடையில் ஏறத்தாழ எட்டடி உயரத்தில் ஒரு பெண்ணின் வாய் மட்டும் வெளிச்சத்தில் தெரியும். வாழ்நாளில் பெரும்பாலும் பேசாதிருந்து எழுபது வயதை நெருங்கிவிட்ட ஒருத்தியின் கதையை, அது தன் கதைதான் என்று ஒப்புக்கொள்ள மறுத்து, ‘அவள், அவள்’ என்றே அந்த வாய் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்க்கும். மேடையின் ஒரு பக்கத்தில் தலையோடு மூடிய அங்கி அணிந்து நிற்கும் ‘கேட்பவர்’ ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஏதும் செய்ய இயலாத இரக்கத்தோடு இடையிடையே கைகளை உயர்த்தித் தாழ்த்துவார், அவ்வளவுதான். 1973இல் லண்டன் மேடையில் அந்த வாயாக நடித்த பில்லி வொயிட்லாவை வைத்தே 1975இல் பிபிசிக்காகப் படமெடுத்தார்கள். 1977இல் அது ஒளிபரப்பானது.

படத்தில் அந்தக் கேட்பவர் இல்லை. மேடையில் தொலைவில் சிறிதாகத் தெரிந்த வாய் இங்கே திரையையே அடைத்துக்கொள்கிறது. ஈர உதடுகளும் பற்களும் நாக்கும் தனித்தனி உயிர்களைப் போலத் துடிக்க, கேமரா அதை விட்டு விலகுவதே இல்லை. கைகளை உயர்த்த ஆளில்லாத அந்த இடத்தில் நான் நிற்பதாகவே பட்டது. மேடையின் முக்கியமான ஓர் உருவத்தைத் துணிந்து கைவிட்டதால்தான் அந்தப் படம் நாடகத்தின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில், தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் இசை நாடகங்களைப் படமெடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். ‘வள்ளி திருமணம்’ தொடங்கும் முன் பபூன் வந்து கூட்டத்தோடு பேசும் பகுதி ஏறத்தாழ ஒரு தனிநடிப்புதான். தொங்கும் மைக்குக்குக் கீழே நின்று ஆர்மோனியக்காரரைச் சீண்டுவார். முன்னால் பாய் விரித்து அமர்ந்திருக்கும் அப்பத்தாவிடம் ஒரு வார்த்தை போடுவார். சிரிப்பு ஏறி இறங்கும்வரை வாய் மூடிக் காத்திருந்து, அது முற்றிலும் அடங்குவதற்குச் சற்று முன்பாக அடுத்த வரியை எடுத்துவிடுவார். நான் பார்த்த வீடியோக்கள் பலவற்றில் அந்தக் காத்திருப்பையே வெட்டிவிடுகிறார்கள். மேடை மைக்கிலிருந்து மட்டுமே ஒலியை எடுப்பதால் கூட்டத்தின் சிரிப்பும் கேட்பதில்லை; நல்ல கலைஞர் ஒருவர் வெறும் வெளியைப் பார்த்துக் கத்துவதாகத் தோன்றுகிறது. பிறந்த ஊரை விட்டு வெகுதொலைவில் வளரும் நம் பிள்ளைகள் இந்தக் கலையை இந்த வீடியோக்களின் வழியாகவே அறியப்போகிறார்கள் என்பதால் எனக்கு இது மிகவும் வலிக்கிறது.

அடுத்த திருவிழாவில் படமெடுக்கப் போகும் தம்பிகள், கூட்டத்தின் நடுவே ஒரு மைக் வையுங்கள். அதற்குப் பெரிய செலவும் ஆகாது. கேமராவை முன்வரிசைப் பாயின் உயரத்துக்கு இறக்குங்கள். பபூன் பேசாமல் நிற்கும் நொடிகளில் கத்தரி வைக்காதீர்கள்.