இடாப்பில் தெரியும் வருத்தம்

போன தவணையில் ஒரு திங்கட்கிழமை. தரம் நான்கில் இடாப்புக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கில் இருந்தவன் காதுக்குப் பின்னால் சொறிந்தபடியே இருந்தான். கிட்டப் போய் முடியை விலக்கிப் பார்த்தேன். இரண்டு நீர்க் கொப்பளங்கள்.

"எப்ப இருந்தடா?"

"சனிக்கிழமை, ரீச்சர். உங்களிட்டச் சொல்ல வேண்டாமெண்டு அம்மா சொன்னவா."

அந்த அம்மாவில் எனக்குக் கோபம் வரவில்லை. விடியமுன் கூலிக்குப் போகிறவர். பிள்ளை வீட்டில் நின்றால் அவருக்கு ஒரு நாள் சம்பளம் இல்லை, பிள்ளைக்குப் பாடசாலைச் சாப்பாடும் இல்லை. போதாததற்கு, ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்கு வருட முடிவில் நாங்கள் மேடையேற்றிப் பரிசு கொடுக்கிறோம். அந்தப் பரிசை நிறுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கொப்பளிப்பான், கொப்பளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னரே மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். எல்லாம் பொருக்குக் கட்டும்வரை தொற்றும். தொற்றியவருக்கு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் எடுக்கும். அப்படியே நடந்தது. இரண்டு கிழமை கழித்து ஒரே நாளில் என் வகுப்பில் ஏழு பேர் இல்லை. பக்கத்து வகுப்பு ரீச்சர் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த நாட்களில் நான் நித்திரை கொள்ளவில்லை. இதற்கான ஊசி இலவசத் தடுப்பூசி அட்டவணையிலும் இல்லை.

எங்கள் அம்மம்மாமார் கொப்பளிப்பான் போன்ற அம்மாள் வருத்தம் என்றால் படலையில் வேப்பிலை கட்டுவார்கள். ஊர் முழுக்க அதைப் பார்த்து விலகி நிற்கும். தனிமைப்படுத்தலும் அறிவித்தலும் அந்த ஒரு கொத்தில் இருந்தன. இப்போது வேப்பிலையும் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை. வைத்தியர் பார்த்து அறிவித்தால்தான் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தெரியும், அப்புறம்தான் பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார். வீட்டுக்குள்ளேயே மாறிப்போகிற வருத்தம் எந்தக் கணக்கிலும் ஏறாது, எங்கள் இடாப்பைத் தவிர.

கவனித்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் வன்னிக்குத் தெரியாததல்ல. மலேரியாவுக்குப் பேர்போன மண் இது. காய்ச்சல் என்று போனவரின் விரலில் குத்தி, கண்ணாடியில் இரத்தம் பூசிப் பார்த்துப் பார்த்துத்தான் அதை விரட்டினார்கள். 2016 இல் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. 2009 இல் போரால் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாம்களில் கூடாரத்துக்குக் கூடாரம் கொப்பளிப்பானும் செங்கண்மாரியும் பரவியதைக் கண்டவர்களும் நாங்கள்தான்.

இப்போது நான் வராத பிள்ளையின் பெயருக்கு நேரே காரணத்தையும் பென்சிலால் எழுதுகிறேன்: காய்ச்சல், வயிற்றோட்டம், கொப்பளம். ஒரே காரணம் மூன்று பேருக்கு வந்தால் அன்றைக்கே அதிபரிடம் சொல்லி பி.எச்.ஐக்கு அழைப்பு எடுக்கிறோம். அவருடைய இலக்கம் இடாப்பின் உள்அட்டையில் ஒட்டியிருக்கிறது. வீட்டில் நிற்கும் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பாடக் குறிப்பு கொடுத்து விடுகிறேன், படலையில் வைத்துவிட்டு வரச் சொல்லி.

சாப்பாட்டுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. வருத்தமான பிள்ளையின் பங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட முடியுமா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். பரிசு விடயத்தையும் அங்கேயே கதைப்பேன். எங்கள் பக்கத்துப் பெற்றோர் தயவுசெய்து அன்றைக்கு வாருங்கள்.