பீரோவில் ஆரம், கார்டில் கடன்

பதினான்கு மாதம் கிரெடிட் கார்டுக்கு மினிமம் டியூ, அதாவது மாதாமாதம் குறைந்தபட்சம் கட்டியே ஆக வேண்டிய தொகை மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பதினான்கு மாதமும் எங்கள் வீட்டு பீரோவில், கல்யாணப் பட்டுக்கு அடியில், ஆறு பவுன் ஆரம் சும்மா கிடந்தது. இதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் செய்ததில்லை.

அப்பாவின் இடுப்பு ஆபரேஷனில் ஆரம்பித்த கடன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி போன், டிவி, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. கடைசியில் நின்றது 1,80,000 ரூபாய்.

ஒருநாள் ராத்திரி கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 6,300. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,134. ஆக 7,434. மினிமம் என்று நான் கட்டியது 9,000. அசலில் கழிந்தது வெறும் 1,566 ரூபாய்! அதையும் அந்த மாதப் பெட்ரோலும் மளிகையும் தின்றுவிடும். ஏனென்றால் பாக்கி வைத்திருப்பவருக்கு வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையே கிடையாது. புதிதாகத் தேய்ப்பதற்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று நிறைய பேருக்குத் தெரிவதில்லை. நகைக்கடன், பர்சனல் லோன் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு. பாக்கியை இஎம்ஐயாக மாற்றினாலும் அந்த வட்டிக்கும் உண்டு. எனக்கு வருஷத்துக்கு 16 சதவீதத்தில் மாற்றித் தருவதாக போன் வந்தது. ப்ராசஸிங் கட்டணத்தையும் ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பார்த்ததும் வேண்டாம் என்றுவிட்டேன். அடகு வைக்க ஒன்றும் இல்லாதவருக்கு அதுவும் நல்ல வழிதான், கார்டின் மாதம் 3.5, அதாவது வருஷம் 42 சதவீதத்துக்கு அது எவ்வளவோ மேல்.

சரி, அப்புறம் ஏன் ஆரத்தைத் தொடவில்லை? மானம். நகையை அடகு வைத்தால் குடும்பம் நொடித்துவிட்டது என்று அர்த்தம். கார்டில் கடன் இருந்தால் யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான் காரணம்.

மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், "இத்தனை மாசமா ஏங்க சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்றாள்.

வங்கியில் மதிப்பீட்டாளர் ஆரத்தை உரைகல்லில் தேய்த்து, ஒரு சொட்டு ஆசிட் விட்டு, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து எடை எழுதினார். என் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. இதற்குத்தான் பதினான்கு மாதம் பயந்திருக்கிறேன். அதே 1,80,000க்கு வருஷம் 9 சதவீதம், மாதத்துக்கு 1,350 ரூபாய் வட்டி. அன்று சாயங்காலமே கார்டுக் கணக்கை முழுதாக முடித்து, மூடச் சொல்லியும் எழுதிக் கொடுத்தேன். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளில் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022லேயே விதி போட்டிருக்கிறது. மூடிவிட்டார்கள்.

கமிஷனுக்குக் கார்டைத் தேய்த்துக் காசு தரும் கடைகள் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். ஒரு கார்டை வைத்து இன்னொரு கார்டை அடைப்பது குழி தோண்டிக் குழி மூடுகிற வேலை.

'செட்டில்மென்ட்' பற்றி நண்பர்கள் ஆசை காட்டினார்கள். பாதி கட்டினால் போதும், விட்டுவிடுவார்களாம். விடுவார்கள்தான். ஆனால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறிவிடும். நாளைக்கு வீட்டுக்கடனுக்குப் போனால் அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும். வேலை போய், விற்க ஒன்றும் இல்லாமல் நிற்பவர் தாராளமாகச் செய்யட்டும், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தில் கடிதம் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. மாமனார், மேனேஜர் என்று சுற்றியிருப்பவர்களுக்குப் போன் போட்டு அவமானப்படுத்தவும் கூடாது. எனக்கு ராத்திரி ஒன்பதரைக்கு வந்தது. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை.

ஆரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. தையில் மச்சினன் கல்யாணம். அதற்குள் மீட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். மனைவி எதற்கும் இருக்கட்டும் என்று அதே டிசைனில் ஒரு கவரிங் பார்த்து வைத்திருக்கிறாள்.